தலை ஸ்கேனுக்கு இங்க வர்றவங்க படிச்சிட்டு வாங்க (4 ஸ்டார்)

ஏற்காட்டுல இருந்து பையனைக் கூட்டிட்டு சேலம் இறங்கி இந்த சென்டருக்கு வந்தோம். 11 வயசு, தூக்கத்துல தான் ஃபிட்ஸ் வரும், இடது கை விறைச்சு கழுத்து திரும்பி அரை நிமிஷத்துல விட்டுடும், சில ராத்திரி நாலஞ்சு தடவை. எங்க மாமியார் இரும்பு சாவியெல்லாம் கையில குடுத்துப் பார்த்துட்டாங்க. ரெண்டு சரியான மருந்தை சரியான அளவுல குடுத்தும் நிக்கலன்னா மாத்திரைய மட்டும் மாத்திட்டே இருக்கக் கூடாது, காரணத்தைத் தேடணும்னு டாக்டர் சொல்லி அனுப்பினார்.

முன்னாடி வேற எடத்துல எடுத்த எம்ஆர்ஐல "நார்மல்"னு ஒத்த வரி. அதை நம்பி ரெண்டு வருஷம் போச்சுங்க, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

இங்க மெஷின் 3 டெஸ்லா (காந்த சக்தியோட அளவு), ஆனா மெஷின் மட்டும் இல்ல, சீட்டுலயே "எபிலெப்ஸி புரோட்டோகால்"னும் (ஃபிட்ஸுக்குன்னே எடுக்கற ஸ்கேன் முறை), வீடியோ ஈஈஜில (வீடியோ எடுத்துட்டே மூளையோட மின் அலைய பதியற டெஸ்ட்) ஃபிட்ஸ் கெளம்பற எடம் வலது முன்மூளைன்னு வந்ததையும் டாக்டர் எழுதியிருந்தார், அதனால எங்க உத்துப் பாக்கணும்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பழையது மூளைய துண்டு துண்டா 5 மில்லிமீட்டர் தடிமன்ல நடுவுல இடைவெளி விட்டு எடுத்தது, இது 1 மில்லிமீட்டர், இடைவெளியே இல்ல. ரேடியாலஜி மேடம் என்னைய உள்ள கூப்ட்டு கம்ப்யூட்டர்லயே காட்டினாங்க, மூளை மடிப்போட அடிப்பள்ளத்துல மூளையோட சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேர்ற கோடு அங்க மட்டும் கலங்கலா இருக்கு, அதுல இருந்து உள்ள வரைக்கும் வால் மாதிரி ஒரு வெளுப்பு. ஃபோக்கல் கார்ட்டிக்கல் டிஸ்பிளேசியாவாம், வயித்துல மூளை உருவாகறப்பவே அந்தத் துண்டு சரியா அடுக்கலயாம். நான் மாசமா இருந்தப்ப எதாச்சும் தப்பா சாப்ட்டேனாங்கன்னு கேட்டுட்டேன். அதெல்லாம் இல்லம்மா, உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னாங்க, அந்த ஒரு வார்த்தைக்கே நாலு ஸ்டார். ரிப்போர்ட்லயும் "சந்தேகம்"னு தான் போட்டாங்க, ஆபரேஷன்ல எடுக்கற சதைய மைக்ரோஸ்கோப்ல பார்த்தா தான் உறுதியாம்.

ஒரு ஸ்டார் கொறைச்சது வெயிட்டிங்குக்கு. 10 மணி டோக்கன், உள்ள விட்டப்ப ஒண்ணரை. முக்கால் மணி நேரம் அசையாம படுக்கணும், சத்தம் கடகடன்னு இருக்கும், காதுக்கு பஞ்சு கேட்டு வாங்கிக்கோங்க.

அடுத்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாக்கப் போறோம், அதுக்கு ஃபிலிம் பத்தாது, சிடி வேணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். கெளம்பறப்பவே கேட்டு வாங்கிடுங்க, நாங்க மறந்துட்டு அதுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் மறுபடி இறங்கி ஏறினோம்.