ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது யார்? பிரபுவா, கையுறைக்காரர் மகனா?

கையுறை செய்து விற்றவரின் மகன், கல்லூரி வாசலையே மிதிக்காதவர், ‘ஹாம்லெட்’ எழுதியிருப்பாரா? ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் பிறந்த ஷேக்ஸ்பியர் மீதான சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. அவருக்குப் பதிலாகப் பலர் பெயர் அடிபட்டாலும் அலசத் தக்கவர்கள் மூவர்.

தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாடகங்களுக்குள் அவர் ரகசியக் குறியீடு ஒளித்துவைத்தார் என்று 1888-ல் இக்னேஷியஸ் டானலி தடித்த புத்தகமே போட்டார். சங்கேத மொழியை உடைப்பதையே தொழிலாகக் கொண்ட ஃப்ரீட்மன் தம்பதி 1957-ல் இந்த வித்தைகளை உரசிப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை.

அடுத்தவர் ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ. 1593 மே 30 அன்று டெட்ஃபோர்டில் கத்திக்குத்தில் இறந்தவர். அது பொய்ச்சாவு, ஒளிந்திருந்து எழுதினார் என்கிறார்கள். பிரேத விசாரணை அறிக்கை வேறு கதை சொல்கிறது. இவரும் செருப்புத் தைப்பவரின் மகன்தான். கேம்பிரிட்ஜ் பட்டம் இருந்ததால் மன்னித்துவிட்டார்கள் போலும்.

உண்மையான போட்டி ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்டு டி வியரிடமிருந்துதான். 1920-ல் லூனி என்ற பள்ளி ஆசிரியர் இவர் பெயரை முன்வைத்தார்; ஃப்ராய்டே நம்பினார். அரண்மனையில் பழகியவர், இத்தாலி சுற்றியவர், ஹாம்லெட் போலவே கடற்கொள்ளையரிடம் சிக்கியவர். மாமனார் பர்லி பிரபுவின் சாயல் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் பொலோனியஸிடம் தெரிகிறதாம். எல்லாம் பொருந்துகிறது, ஆயுளைத் தவிர. 1604-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். ‘தி டெம்பஸ்ட்’ நாடகமோ 1609-ல் பெர்முடாவில் நடந்த கப்பல் விபத்துச் செய்தியை ஒட்டி எழுந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

எனக்கு அரண்மனைப் பரிச்சயம் பெரிதாகப் படவில்லை. நடிகர்களை யாருக்குத் தெரிந்திருந்தது? 1600-ல் அச்சான ‘மச் அடோ அபவுட் நத்திங்’ பிரதியில், டாக்பெரி பேசும் சில இடங்களில் பாத்திரத்தின் பெயருக்குப் பதில் ‘கெம்ப்’ என்றிருக்கிறது. வில் கெம்ப், ஷேக்ஸ்பியர் குழுவின் சிரிப்பு நடிகர். எழுதிய கைக்கு முன்னால் அவர் முகம் நின்றிருக்கிறது.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரரின் உயிலிலும் அதே குழு ஆட்கள். சக நடிகர் மூவருக்கு மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். அவர்களில் ஹெமிங்ஸும் காண்டலும்தான் 1623-ல் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். மோதிர வரி இடைச்செருகல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மனைவிக்குக் கட்டில் விட்ட வரியும் அதே உயிலில் இடையில் சேர்த்ததுதான். அதைப் பொய் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.