வார் ஆஃப் தி ரிங்: பல வருடம் ஆடிப் பழகிய பிறகு

வார் ஆஃப் தி ரிங் போர்டு கேம் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் கூடவே கேட்பது, "நிஜமாவே மூணு மணி நேரம் ஆகுமா?" என்பதுதான். ஆகும். முதல் தடவை ஐந்து மணி நேரமும் ஆகும். அதற்கு முன்னால் 200க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகளைப் பிரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து வரைபடத்தில் அடுக்குகிற வேலை வேறு இருக்கிறது. இரண்டு துண்டாக வரும் போர்டை விரித்தால் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். சாதாரண டைனிங் டேபிளில் போர்டு உட்காரும், காபி டம்ளருக்கு இடமிருக்காது. (இருக்கவும் கூடாது.)

என்னிடம் இருப்பது 2011இல் ஏரிஸ் கேம்ஸ் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பு. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் ராபர்ட்டோ டி மெலியோ, மார்கோ மாஜ்ஜி, ஃபிரான்செஸ்கோ நெபிட்டெல்லோ என்ற மூன்று இத்தாலியர்கள். முதல் பதிப்பு 2004இல் வந்தது. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை வைத்து இதே பெயரில் 1977லேயே அமெரிக்காவின் எஸ்பிஐ நிறுவனம் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டிருக்கிறது. ஆனால் இன்று யாராவது "வார் ஆஃப் தி ரிங் ஆடலாமா" என்று கூப்பிட்டால் இந்த இத்தாலிய ஆட்டத்தைத்தான் சொல்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்கும் ஆட்டம் புரியும். ஒருவர் நிழல் பக்கம்: சௌரான், சாருமான், எண்ணி மாளாத படைகள். இன்னொருவர் சுதந்திர மக்கள் பக்கம்: மனிதர், எல்ஃப், குள்ளர்கள், கூடவே மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு ஒளிந்து நடக்கும் ஒரு சின்னக் கூட்டம். நிழல் பக்கம் கோட்டைகளையும் நகரங்களையும் பிடித்து 10 புள்ளி சேர்த்தால் ஜெயம். மோதிரக் கூட்டத்தின் கறை (மோதிரம் அவர்களை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்ற கணக்கு) 12ஐத் தொட்டாலும் ஜெயம். மற்றவர் அந்த 12ஐத் தொடாமல் சௌரானின் நாடான மோர்டோருக்குள் புகுந்து மோதிரத்தை எரிமலையில் போட வேண்டும். முடியாவிட்டால் 4 புள்ளிக்கு எதிரியின் கோட்டைகளைப் பிடிக்க வேண்டும்.

இதில் சமநிலை எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பிடிபடவே வெகு காலம் ஆனது. ஆட்டம் தொடங்கும்போது நிழல் பக்கத்துக்கு ஏழு சிவப்புப் பகடை, சுதந்திர மக்களுக்கு நான்கு நீலப் பகடை. பகடையில் எண் கிடையாது, சின்னம்தான். வாள் விழுந்தால் நாயகர்களை நகர்த்தலாம், கொடி விழுந்தால் படை நடத்தலாம். ஆள் திரட்ட ஒரு சின்னம், கார்டு இறக்க ஒரு சின்னம். விழுந்ததை வைத்துத்தான் அந்தச் சுற்றை ஓட்ட வேண்டும். மாறி மாறி ஒவ்வொரு பகடையாகச் செலவழிப்பார்கள். நீலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பிறகு எதிரே இருப்பவர் மிச்சமிருக்கிற மூன்று நான்கு பகடையையும் வரிசையாக ஆடுவதை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். மதுரையில் இருக்கும் என் நண்பன் ஒருவன் அந்த நேரத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான். "நீ முடிச்சிட்டுக் கூப்பிடு மாப்ள, என்னால பாக்க முடியல."

போதாக்குறைக்கு இழப்புக் கணக்கும் ஓரவஞ்சனைதான். நிழல் பக்கத்தில் செத்த வீரன் திரும்பக் கையிருப்புக்குப் போய், அடுத்த முறை ஆள் திரட்டும்போது மறுபடி வந்து நிற்பான். எதிர்ப்பக்கத்தில் கோண்டோர் நாட்டு வீரன் செத்தால் போனது போனதுதான், பெட்டிக்குள் போக வேண்டும். அதனால் சுதந்திர மக்கள் பக்கம் ஆடுகிறவர் போரில் ஜெயிக்கவே நினைக்கக் கூடாது, எதிரியைத் தாமதப்படுத்த நினைக்க வேண்டும். இதை விதிப்புத்தகம் எங்கேயும் சொல்லாது. ரோஹான் நாட்டுக் கோட்டையான ஹெல்ம்ஸ் டீப்பில் ஆட்டத் தொடக்கத்தில் நிற்பது ஒரே ஒரு வீரன். ரோஹானோ போருக்கே இன்னும் தயாராகியிருக்காது, அதைத் தயார் நிலைக்குத் தள்ளவே பகடை செலவாகும். சாருமானின் படை பக்கத்து வீட்டில் இருக்கிறது. அங்கே ஆள் சேர்ப்பதா, மோதிரத்தை ஓர் அடி நகர்த்துவதா? கையில் நான்கு பகடை.

வேட்டை என்கிற பகுதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். சுற்றுத் தொடக்கத்தில், பகடை உருட்டும் முன்பே, நிழல் பக்கத்துக்காரர் தன் பகடைகளில் சிலவற்றை வேட்டைப் பெட்டியில் ஒதுக்கி வைக்கலாம். கண் சின்னம் விழுகிற பகடையெல்லாம் தானாகவே அங்கே போய்ச் சேரும். மோதிரக் கூட்டம் நகரும்போது அந்தப் பெட்டியில் இருக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப, அதிகபட்சம் ஐந்து சாதாரணப் பகடையை அவர் உருட்டுவார். முதல் நகர்வில் 6 விழுந்தால் பிடிபட்டோம். அதே சுற்றில் இரண்டாம் முறை நகர்ந்தால் 5 விழுந்தாலே போதும். மூன்றாம் முறை 4. அதாவது அவசரப்பட்டால் மாட்டுவீர்கள், நின்று நிதானித்தால் அதற்குள் கோண்டோரின் மினாஸ் டிரித் கோட்டை விழுந்துவிடும்.

நிழல் பக்கத்துக்காரர் ஒதுக்கக்கூடிய பகடையின் உச்ச வரம்பு, மோதிரத்தோடு இருக்கும் துணைவர்களின் எண்ணிக்கைதான். ஏழு பேரும் கூடவே போனால் பாதுகாப்பு அதிகம், ஆனால் தேடுதலும் அதிகமாகலாம். பிரித்து அனுப்பினால் அவர்கள் போய் கோட்டைகளைக் காப்பார்கள், வேட்டையும் மெலியும். ஆனால் அடி விழும்போது தாங்க ஆள் இருக்காது. அந்தத் துணைவர்களில் ஒருவரான மந்திரவாதி கேண்டால்ஃபை அனுப்பலாமா வேண்டாமா என்று இன்றைக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தயங்குகிறேன். வழிகாட்டியாக இருக்கும் கேண்டால்ஃப் செத்தால் மூன்று அடியைத் தாங்குவார். பிறகு சௌரான் பக்கத்துத் தளபதி ஒருவர் களத்துக்கு வந்திருந்தால் வெள்ளை உடையில் திரும்பி வருவார், வரும்போது கூடுதலாக ஒரு நீலப் பகடையையும் கொண்டுவருவார். ஆக, அவரைச் சாகக் கொடுப்பது ஒரு முதலீடு. கதையில் மனதைப் பிசைந்த இடம் இங்கே வட்டிக் கணக்காகிவிடுகிறது. எனக்கு இது கொஞ்சமும் உறுத்தவில்லை, சிலருக்கு உறுத்துகிறது.

ஓர் ஆட்டத்தின் கடைசிச் சுற்று இப்படி. நிழல் பக்கத்தில் நண்பன். ஹெல்ம்ஸ் டீப், எடோரஸ், லோரியன், மினாஸ் டிரித், டோல் அம்ராத் எல்லாம் அவன் கையில், 9 புள்ளி. மிச்சம் பெலார்கிர். அதைப் பிடித்தால் சரியாக 10. பிடித்தும்விட்டான். ஆனால் போர் வெற்றியைச் சுற்று முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும், மோதிரம் எரிமலையில் விழுந்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். என் கூட்டம் மோர்டோர் பாதையில் நான்காம் படியில், கறை 9. என்னிடம் வாள் விழுந்த ஒரே ஒரு பகடை மிச்சம். மோர்டோருக்குள் போய்விட்டால் வேட்டைப் பகடையே கிடையாது, நகரும்போதெல்லாம் எவ்வளவு அடி என்று சொல்லும் அட்டை வில்லை ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். கண் போட்ட வில்லை வந்தால், வேட்டைப் பெட்டியில் எத்தனை பகடை கிடக்கிறதோ அத்தனை கறை. அங்கே ஐந்து கிடந்தது. வில்லைகளைப் போட்டு வைக்கப் பெட்டியில் பை எதுவும் வராததால் எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்தான். நண்பன் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். 2. கறை 11, ஐந்தாம் படி, ஆட்டம் முடிந்தது. இவ்வளவு நேரம் வரைபடம் முழுக்க அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். இப்படி முடிகிற ஆட்டங்கள் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், பழகிய இருவர் ஆடினால் பாதிக்குப் பாதி ஏறக்குறைய இந்த நெருக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

இனி குறைகள். சுதந்திர மக்கள் படை முழுக்க ஒரே நீலம், நிழல் படை முழுக்க ஒரே சிவப்பு. ரோஹான் வீரனுக்கும் வடக்கு நாட்டு வீரனுக்கும் உள்ள வித்தியாசம் மாலை வெளிச்சத்தில் தெரியாது. எந்த நாட்டுக்காரன் என்பதை வைத்துத்தான் ஆள் திரட்ட முடியும் என்பதால் இது சின்னக் குறையல்ல. கடைசியில் அக்ரிலிக் பெயின்ட் வாங்கி அடித்தட்டுகளுக்கு மட்டும் நாட்டுக்கொரு நிறம் அடித்தேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். ஈட்டிகள் வளைந்தே வரும். வெந்நீரில் முக்கி நிமிர்த்தினால் சில மாதம் நிற்கும், பிறகு மறுபடி வளையும். கார்டுகள் நீளமானவை, 68க்கு 120 மில்லிமீட்டர். இந்த அளவு உறை இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காது. கடலோர ஊரில் இருப்பவர்கள் உறை போடாமல் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் கார்டு அப்பளம்போல வளைந்துவிடும்.

கோண்டோர் பகுதியில் இடநெருக்கடி. முற்றுகை நடக்கும்போது உள்ளே இருப்பவர்களை வைக்க போர்டின் ஓரத்தில் தனிக் கட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பத்துப் பொம்மை, சௌரானின் அடியாட்களான நாஸ்குல் இரண்டு, ஒரு தளபதி என்று ஒரே இடத்தில் குவிந்தால் எது எந்தப் பிரதேசத்தில் நிற்கிறது என்று சண்டை வருகிறது.

விரிவாக்கங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012இல் லார்ட்ஸ் ஆஃப் மிடில் எர்த், 2016இல் வாரியர்ஸ் ஆஃப் மிடில் எர்த். இரண்டையும் வாங்கினேன். முதலாவதை எப்போதாவது சேர்ப்பதுண்டு. இரண்டாவது மேஜைக்கு வருவதே இல்லை. மூல ஆட்டத்தின் அடிப்படையை அவை மாற்றவில்லை, இருப்பதைக் கொஞ்சம் நீட்டுகின்றன. நான்கு பேர் ஆடலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். ஆடலாம்தான், ஆனால் ஒருவர் யோசிக்கும்போது மூன்று பேர் மொபைலைப் பார்ப்பார்கள். இது இரண்டு பேர் ஆட்டம்.

நான்கைந்து பேர் சேர்கிற நாளில் நாங்கள் வேறு பெட்டிகளுக்குப் போய்விடுகிறோம். பழைய பைத்தியங்களுக்கு டைட்டன். ஜேசன் மெக்காலிஸ்டரும் டேவிட் டிராம்பியரும் சேர்ந்து செய்து 1980இல் வெளியிட்டார்கள், 1982இல் அவலான் ஹில் நிறுவனத்தின் கைக்குப் போனது, 2008இல் வேலி கேம்ஸ் மறுபடி அச்சிட்டது. மூன்று சிங்கத்தைச் சேர்த்தால் கிரிஃபன், இரண்டு கிரிஃபனுக்கு ஹைட்ரா என்று ஜந்துக்களைப் படிப்படியாகத் திரட்டிக்கொண்டே போகிற ஆட்டம். உங்கள் தலைமை ஜந்துவான டைட்டன் செத்தால் நீங்கள் வெளியே, மற்றவர்கள் இன்னும் மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு எந்த வடிவமைப்பாளரும் இப்படிச் செய்யத் துணியமாட்டார். அதில் ஓவியங்கள் வரைந்த டிராம்பியர், டிராகன் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தன் சித்திரத் தொடரை 1988இல் பாதியில் விட்டுவிட்டுக் காணாமல் போய், பின்னாளில் இலினாய் மாநிலத்தில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது இந்தப் பொழுதுபோக்கின் விசித்திரக் கதைகளில் ஒன்று. பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தக் கதை வந்தே தீரும்.

புதுசில் ரூட். 2018, கோல் வேர்லேயின் வடிவமைப்பு. பூனை, கழுகு, எலி என்று படங்களைப் பார்த்துக் குழந்தைகள் ஆட்டம் என நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ஆளுக்கொரு விதிமுறை என்பதை வார் ஆஃப் தி ரிங்கைவிடத் தூரம் கொண்டுபோகிறது. ஆனால் நான்கு பேருக்கும் நான்கு தனி ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்தச் சலிப்பில் பாதிப் பேர் கழன்றுவிடுகிறார்கள். வார் ஆஃப் தி ரிங்கில் இருவருக்கும் விதி பெரும்பாலும் ஒன்றே, நிலைமைதான் வேறு. அதனால் எதிராளியின் பயம் என்னவென்று எப்போதும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் மற்ற பெட்டிகளை விற்றும் கொடுத்தும் இதை மட்டும் வைத்திருக்க அதுதான் காரணம்.

புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் நிழல் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். பகடை குறைவு, எளிது என்று நினைத்து நீலத்தைக் கொடுப்பார்கள், அது சரிப்படாது. நான்கே பகடையில் ஒன்றை வீணாக்கினால் ஆறு சுற்று கழித்துத்தான் வலிக்கும், எங்கே சறுக்கினோம் என்றும் தெரியாது. சிவப்புப் பக்கத்தில் பத்துப் பொம்மையை ஒரு கோட்டைமேல் தள்ளினால் என்ன ஆகிறது என்று உடனே கண்ணுக்குத் தெரியும். எந்த நாடு போருக்குத் தயார் என்று காட்டும் அரசியல் அட்டவணையை முதல் இரண்டு சுற்றுக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கார்டுகளில் மேல்பாதி நிகழ்ச்சி, கீழ்ப்பாதி சண்டைக்கு. முதல் சண்டை வரும்வரை கீழ்ப்பாதியைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.