கைடா, பழைய வினாத்தாளா?

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு, 3 மணி நேரம். கைடை வைத்துப் படித்தால் பாடக் கேள்விகளுக்கும் மனப்பாடச் செய்யுளுக்கும் பயம் இல்லை. தேர்வுக்குச் சில நாளே இருந்தால் அதுவே கைகொடுக்கும்.

ஆனால் இலக்கணம் வேறு. ஆக்டிவ் வாய்ஸை (செய்வினை) பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) ஆக்கச் சொல்லும்போது வாக்கியம் புதிதாக வரலாம். 'ரைட்ஸ்' என்றால் 'இஸ் ரிட்டன்', 'ரோட்' என்றால் 'வாஸ் ரிட்டன்' என்று காலத்தைப் பார்த்து மாற்றக் கை பழக வேண்டும். அதற்கு நான் சொல்வது பழைய வினாத்தாள்தான். கடிகாரம் வைத்து எழுதி, தவறிய கேள்விகளை மட்டும் தனி நோட்டில் சேர்த்து, மறுவாரம் திரும்பப் போடுங்கள்.

சினானிம் (ஒத்த பொருள் சொல்), ஆன்டனிம் (எதிர்ச்சொல்) இரண்டையும் பாடப்புத்தக வரியோடு சேர்த்தே படியுங்கள். பத்தி வாசிப்புக்குக் கைடு உதவவே உதவாது.