அப்டேட்டுக்குப் பின் ஆப் பயன்பாடு சரிவு: வெர்ஷன் ஒப்பீடா, ஃபீச்சர் ஃபிளாகா?

அப்டேட் வெளியிட்டபின் ஆப்பின் பயன்பாடு குறைந்தால் காரணம் தேட இரண்டு வழி: பழைய, புது வெர்ஷன்களை ஒப்பிடுவது; அல்லது ஃபீச்சர் ஃபிளாக், அதாவது ஆப்பின் ஒரு அம்சத்தைத் தூரத்திலிருந்தே அணைக்க உதவும் சுவிட்ச். முதலில் சர்வர் லாகை (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவை) பாருங்கள். அங்கே கோரிக்கைகள் குறையாமல் அனலிடிக்ஸ் (பயன்பாட்டுக் கணக்கு) மட்டும் விழுந்திருந்தால், கோளாறு பெரும்பாலும் ஈவென்ட் பதிவில்தான், அதாவது பயனர் செய்வதை ஆப் குறித்து அனுப்புவதில்தான்.

பழைய, புது வெர்ஷன்களைப் பிரித்துப் பார்ப்பது அன்றே முடிகிற வேலை. கிராஷ் பளிச்சென்று தெரியும். ஆண்ட்ராய்டு 13 முதல், ஆப் அனுமதி கேட்கத் தவறினால் புதிதாக நிறுவியவர்களுக்கு நோட்டிஃபிகேஷன் காட்டாது. அதுவும் இதில் பிடிபடும். ஆனால் முந்திக்கொண்டு அப்டேட் செய்பவர்கள் பெரும்பாலும் ஆப்பை அடிக்கடி திறப்பவர்கள். அதனால் புது வெர்ஷனின் பயன்பாட்டு எண்கள் முதல் சில நாள் நன்றாகவே தெரியும், நம்பிவிடாதீர்கள்.

காரணத்தை உறுதிசெய்ய ஃபிளாக்தான் சரி. ஒரே வெர்ஷனில், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அப்டேட்டில் வந்த மாற்றத்தை (உதாரணமாக, புது முகப்பை) அணைத்து, 2 வாரம் விடுங்கள். ஆனால் ஃபிளாக்கை அப்டேட் வெளியீட்டுக்கு முன்பே ஆப்பில் வைத்திருக்க வேண்டும். அப்டேட் ஆன போனைப் பிளே ஸ்டோர் பழைய வெர்ஷனுக்குத் திருப்பாது. ஃபிளாக் இல்லாவிட்டால், பழைய நிரலையே இன்னும் பெரிய வெர்ஷன் எண்ணுடன் மறுபடி வெளியிட வேண்டியதுதான்.