கிறிஸ்துமஸுக்கு வேண்டாம், லெந்துக்கு வாருங்கள்

பதினோரு வருடமாக நான் ஊருக்குப் போனதெல்லாம் டிசம்பரில்தான். மெல்போர்னில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, ஊரில் கிறிஸ்துமஸ், இரண்டும் ஒன்றாக வந்துவிடும். சென்னை, பெங்களூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் புதுச்சட்டையோடு கோயில் முற்றத்தில் நின்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். கார் நிறுத்த இடமிருக்காது. உள்ளூர்க்காரர்கள் ஓரமாக நின்று எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். பத்து நாளில் எல்லாரும் பறந்துவிடுவோம்.

2025-இல் அப்பாவின் வீட்டுப் பட்டா வேலைக்காக ஏப்ரலில் போகவேண்டி வந்தது. ஏப்ரல் 18 பெரிய வெள்ளி (புனித வெள்ளி), 20 ஈஸ்டர். வெயிலை நினைத்துப் பயந்துகொண்டேதான் கிளம்பினேன். திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிற எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஊரில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், போங்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்துக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்கும் நடுவே, தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற பக்கம். பெயரைச் சொன்னால் கீழே வரப்போகிற ஆட்கள் யார் யார் என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பெரிய சேகரத்தில் ஒரு சின்ன ஊர்.

போவதற்கு வழி சொல்லிவிடுகிறேன். சென்னை எழும்பூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் நாசரேத்திலேயே நிற்கும். முன்பெல்லாம் 120 நாள் முன்னதாகவே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. இது தெரியாமல் ஜனவரி முதல் வாரமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, இணையதளம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவசரமென்றால் தூத்துக்குடிக்கு விமானம். வாகைக்குளத்தில் இறங்கினால் அங்கிருந்து கார்தான்.

முதல் நாள் காலை நாலரைக்கு ஒலிபெருக்கி எழுப்பியது. இது டிசம்பரிலும் உண்டு. ஆனால் டிசம்பரில் போடுவது கேசட் பாட்டு. இப்போது கேட்டது ஆள் குரல். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியார் அன்றைக்கான வேத வசனத்தை வாசித்து, யார் வீட்டில் சாயங்காலம் லெந்து ஜெபம் என்று அறிவித்தார். "இன்னைக்கு மேலத்தெரு, குழாயடிக்கு எதுத்த வீடு. ஏழரை மணி. பாய் நாங்க கொண்டுவந்துருவோம்." நாற்பது நாளும் ஒவ்வொரு வீடாகப் போகிறார்கள். ஏன் இவ்வளவு தாமதமாக, ஆறு மணிக்கே வைக்கலாமே என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "பனையேறுதவன் எறங்கி, குளிச்சிட்டு வர வேண்டாமால?" என்றார். ஊரில் இப்போது பனையேறுகிறவர்கள் நாலே பேர். ஆனாலும் மணி மாறவில்லை.

பனையேற்றுக்கும் லெந்துக்கும் நேரம் ஒத்துப்போவதைச் சின்ன வயதில் நான் கவனித்ததே இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி பதனீர்க் காலம். கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனீர், தடவாவிட்டால் கள். விடியற்காலையில் இறக்கியதை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு ரெண்டு போட்டு, மாங்காய்க் கீற்றும் சேர்த்துக் கொடுத்தார் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி. பட்டையைக் கையில் பிடிப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். விளிம்பை மடக்கிப் பிடிக்கத் தெரியாமல் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். "ஆஸ்திரேலியாவுல டம்ளர்லதான குடிப்பிய" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மிச்சப் பதனீர் கருப்பட்டி காய்ச்சப் போகிறது. உடன்குடிக் கருப்பட்டி என்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறதே, அந்த வட்டாரம்தான் இது.

இனி ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு. மெல்போர்னில் எங்கள் சபையில் அன்றைக்கு ஒரு பெட்டியிலிருந்து ஆளுக்கொரு நீளமான இலையை எடுத்துக்கொடுப்பார்கள். எந்த மரத்து இலை என்று நான் கேட்டதில்லை. அங்கே ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வருகிறது, வசந்தப் பாட்டெல்லாம் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பாடுவோம். ஊரிலோ குருத்தோலை என்றால் நிஜமான பனங்குருத்து. சனிக்கிழமை மதியம் வெட்டி இறக்கிய குருத்துகள் கோயில் வராந்தாவில் ஈரத்துணி போர்த்திக் கிடந்தன. விரியாத இளம் ஓலை, வெண்ணெய் நிறம், மோந்தால் பச்சை நுங்கு வாசனை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். ஓலையை நகத்தால் கிழித்து ஈர்க்கை உருவி, இரண்டு கீற்றைக் குறுக்கே வைத்து, ஒன்றை மடக்கி மற்றதன் மேல் ஏற்றி, பின்பக்கமாக இழுத்துச் செருக வேண்டும். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பெண் ஒருத்தி நிமிடத்துக்கு ஒன்று முடைந்தாள். எனக்கு நாலாவது மடிப்பில் அவிழ்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் கையிலிருந்ததை வாங்கி, ஒன்றும் பேசாமல் முடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பவனி. பாடகர் குழுவில் பாடியது பதினேழு பேர். டிசம்பரில் நாற்பது பேர் நிற்பார்கள், பாதிப்பேர் என்னைப்போல வாயசைப்பவர்கள். இந்தப் பதினேழு பேரும் நிஜமாகவே பாடினார்கள்.

நடு வாரத்தில் செவ்வாய்க்கிழமை சும்மா இருந்ததால் அத்தான் பைக்கில் இடையன்குடி போய் வந்தோம். கால்டுவெல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம். 1847-இல் தொடங்கி 1880-இல்தான் பிரதிஷ்டை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர், கோயிலின் ஜன்னல் வளைவுகளுக்கும் அதே அளவு மெனக்கெட்டிருக்கிறார். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள் அடக்கம் செய்திருக்கிறார்கள். உள்ளே எங்களைத் தவிர ஒரு பாட்டி மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது முதலூரில் நிறுத்தி மஸ்கோத் அல்வா வாங்கினோம். தேங்காய்ப்பாலில் கிண்டுவது, நெய் கிடையாது, அதனால் திகட்டாது. 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே புதிதாக உண்டாக்கிய முதல் ஊர் என்பதால் முதலூர். இப்போது பேரைச் சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது அல்வாதான். லெந்தில் இனிப்பு சாப்பிடுவதில்லை என்று மைனி (அண்ணி) பொட்டலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தது.

நான் போன வேலைக்கு வருகிறேன். அப்பாவின் தலைப்பெழுத்து ஒரு பத்திரத்தில் 'ஜே', இன்னொன்றில் 'ஞா'. தாத்தாவின் ஆங்கிலப் பெயரை ஒருவர் எழுதியிருக்கிறார், தமிழ்ப் பெயரை இன்னொருவர், அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தில் இதற்காக மூன்று நாள் நின்றேன். முதல் நாள் ஆளில்லை, இரண்டாம் நாள் சர்வர் இல்லை, மூன்றாம் நாள் இருவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். கோயிலில் கேட்டுப் பாருங்கள் என்றார் மைனி.

ஐயர் என்று நாங்கள் கூப்பிடுகிற போதகரின் பங்களா முன்னறையில் இரும்பு அலமாரி. ஐயர் முதலில் வேறொரு நோட்டை எடுத்தார். என் சபைச் சந்தா பதினோரு வருட பாக்கி! தொகை பெரிதல்ல, ஆனால் கூனிக்குறுகிப் போனேன். கட்டிய பிறகுதான் ஞானஸ்நானப் பதிவேடு வந்தது. நீளமான புத்தகம், முதுகில் துணி ஒட்டு, மை பழுப்பேறியிருந்தது. கோயில்குட்டியார் எச்சில் தொடாமல் பக்க ஓரத்தை ஊதி ஊதிப் புரட்டினார். அப்பா பெயர் வந்தது. பிறந்த தேதி, ஞானஸ்நான தேதி, பெற்றோர், ஞானத்தகப்பன், எல்லாம் வட்ட வட்டக் கையெழுத்தில். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ஞானமும் ஜேம்ஸும் இரண்டுமே இருந்தன. பக்கத்துக் கட்டம் 'தொழில்'. அதில் 'பனையேற்று' என்று எழுதியிருந்தது.

தாத்தா கடை வைத்திருந்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். கடை அப்புறம் வந்தது போல. அப்பா எதற்காக அதை மறைத்தார் என்று கேட்க இப்போது ஆளில்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். "மறைக்கலியே, நீ கேக்கலியே" என்றார்.

சான்றிதழ் முக்கால் மணி நேரத்தில் கையெழுத்து முத்திரையோடு கிடைத்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது வேண்டியிருந்தால் ஞானஸ்நானம் நடந்த வருடத்தைத் தோராயமாகவாவது தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் அவர் ஊதி ஊதியே களைத்துவிடுவார். பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் திங்கள் வரை ஐயரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அலுவலகத்தில் இந்தச் சான்றிதழோடு நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரமும் கேட்டார்கள். பட்டா இன்னும் வரவில்லை.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. வெளியே தேரி மணல் அனலாய்க் கொதித்தது. பன்னிரண்டேகாலுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மைக்குக்கு மட்டும்தான், மின்விசிறிக்கு இல்லை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசினார்கள். இரண்டாவதுக்குப் பேசியவர் மதுரையில் நடந்த தன் மகன் திருமணத்தைப் பற்றி ஏன் சொன்னார் என்று இன்னும் புரியவில்லை. நாலாவது வார்த்தை முப்பத்தைந்து நிமிடம் போனது.

ஐந்தாவது வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்.' ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் எழுந்தார். எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். வியாக்கியானமே சொல்லவில்லை. சின்ன வயதில் கோடையில் ஊற்றுக்குழியில் இரவெல்லாம் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் கோரியதைச் சொன்னார். ஒரு குடம் நிறைய ஒன்றரை மணி நேரம். ஒரு ராத்திரி அவர் அம்மா நிறைத்த குடத்தை யாரோ வழிப்போக்கன் கேட்டு, அம்மா கொடுக்காமல் வந்துவிட்டாராம். "எங்கம்மா சாகுத மட்டும் பெரிய வெள்ளி அன்னைக்குத் தண்ணி குடிக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. விசிறிக்கொண்டிருந்த பாமாலைப் புத்தகங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

மூன்று மணிக்கு வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கஞ்சி. பச்சரிசி, சிறுபயறு, தேங்காய், தொட்டுக்கொள்ளக் காணத் துவையல். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் உட்கார்ந்தவனுக்கு அது என்ன ருசி என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது முறை போனபோது கரண்டி பிடித்திருந்த அக்கா, "பின்னால பிள்ளையள் நிக்காவ" என்று நாசூக்காக நகர்த்திவிட்டார்.

குறை சொல்லவும் இருக்கிறது. ஈஸ்டர் ஆராதனை நாலரை என்று அறிவித்துவிட்டு, ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் நாலு மணியாக மாற்றினார்கள். செல்போன் இல்லாத கிழவிகள் இருட்டில் நடந்துவந்து பாதி ஆராதனையில் நுழைந்தார்கள். கழிப்பறை ஒன்றே ஒன்று, அதன் சாவி யாரிடம் என்பது பரம ரகசியம். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து ஏலம். டிசம்பரில் நான் சாப்பாட்டுக்கு ஓடிவிடுவேன், இதில் நின்றதில்லை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த முதற்பலன்களை முற்றத்தில் வைத்துக் கூவுவார்கள். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, முட்டை, ஒரு குடம் பதனீர், கால் கட்டிய சேவல் ஒன்று. சேவல் இருநூறில் தொடங்கியது. சும்மா வேடிக்கைக்கு முந்நூறு என்றேன். அதுதான் தப்பு.

"ஆஸ்திரேலியா முந்நூறு!" என்று கூவினார் ஏலம் விடுபவர். உடனே மேலத்தெரு நானூறு. ஆஸ்திரேலியா ஐந்நூறு. எனக்கு எதிராகக் கேட்டுக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, என் சொந்தப் பெரியப்பா. ஆயிரத்து எண்ணூறில் அவர் கையைக் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாயிரத்துக்குச் சேவல் என் கைக்கு வந்தது. ஊரே கைதட்டியது. பதினோரு வருட சந்தா பாக்கிக்கு இது வட்டி என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

சேவலை மைனியிடம் விட்டுவிட்டு வந்தேன். குழம்பு வைத்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். வைக்கவில்லை. வீடியோ காலில் பேசும்போது பின்னால் அது கூவுவது கேட்கும், ஊரில் அதற்குப் பெயரும் ஆஸ்திரேலியா என்றே ஆகிவிட்டது. 2026 ஈஸ்டர் ஏப்ரல் 5. ரயில் டிக்கெட்டுக்கு பிப்ரவரி முதல் வாரம் உட்கார வேண்டும். அதே சேவலைத் திரும்பவும் ஏலத்தில் விடலாமா என்று பெரியப்பா கேட்டிருக்கிறார்.