குன்னூரில் தனியார் தண்ணீர் லாரி: தண்ணீர் நன்று, வரிசை நன்றன்று

கோடையில் குழாய்த் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி நீளும்போது, குன்னூரில் எங்கள் தெருவிலுள்ள பல குடும்பங்கள் ஒரு தனியார் தண்ணீர் லாரியை நம்பியே இருக்கின்றன. அதன் சேவையில் நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் சொன்னால் சாதாரண நாட்களில் மறுநாளே லோடு வந்துவிடுகிறது. அளவில் குறை வைப்பதில்லை; லாரி நுழையாத சந்துகளுக்கும் நீளமான ஓஸ் போட்டு மாடித் தொட்டி வரை ஏற்றித் தருகிறார்கள். தண்ணீரில் கலங்கலோ வாடையோ இருந்ததில்லை.

ஏப்ரல், மே மாதங்களில்தான் சிக்கல். கூடுதல் பணம் தரும் தங்கும் விடுதிகளுக்கு லோடு முதலில் போய்விடுகிறது. முன்பே பணம் கட்டிய வீடுகள் காத்துக் கிடக்கின்றன. கடந்த கோடையில், "மேல ரெண்டு லோடு எறக்கிட்டுத்தான் வருவேன்க்கா" என்று ஓட்டுநர் சொன்னதும், காலிக் குடங்களுடன் நின்ற நாங்கள் லாரியை மறித்தோம். வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாக மாறவிருந்த நேரத்தில் தெருப் பெரியவர் ஒருவர் புகுந்து விலக்கினார். லாரி நீர் எடுக்கும் ஊற்றுக்கு உரிய கீழ்ச் சிற்றூராரும் மோட்டாரை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்துவருவது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இம்மலையின் ஓடைகள் தாமாக வற்றவில்லை. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிட்ட புல்வெளிகளில், 19-ஆம் நூற்றாண்டு முதலே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நடப்பட்டன. நீலகிரியின் கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வில், கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து கிடைத்த நீர், மரத்தை நட்டு வெட்டும் முதல் 10 ஆண்டுச் சுற்றிலேயே சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. ஆனால் தண்ணீர் குறைந்த ஊரிலெல்லாம் இரத்தம் சிந்துவதில்லை. பங்கிடும் ஏற்பாடு குலைந்து, ஒரு தரப்புக்கு மட்டும் சலுகை கிடைக்கும் ஊரில்தான் சிந்துகிறது. சூடானின் தார்ஃபூரில் மழை பொய்த்து மேய்ச்சல் நிலம் பாழானபோது, உழவர்களும் மேய்ப்பர்களும் நெடுங்காலம் காத்துவந்த உடன்பாடுகள் தளர்ந்தன. அரசியல் புறக்கணிப்பும், அரசே ஒரு தரப்பின் படைகளுக்கு ஆயுதம் கொடுத்ததும் சேர்ந்தே 2003-இல் அது பெரும்போராயிற்று. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் சூழல் சீர்கேட்டை அப்போரின் காரணங்களுள் ஒன்றாகவே குறிப்பிட்டது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை; காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி 1991 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் கர்நாடகத் தமிழர்கள் உயிரும் வீடும் இழந்தார்கள்.

ஆகவே இந்த லாரி உரிமையாளரிடம் விலையைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. முன்பதிவு வரிசையை நாள்தோறும் வாட்ஸ்அப்பில் எல்லோரும் காணும்படி போட வேண்டும். வீடுகளுக்கு இறக்கிய பிறகே விடுதிகளுக்குப் போக வேண்டும். ஊற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அச்சிற்றூராரே முடிவுசெய்ய, அது எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த மார்ச்சுக்குள் இவற்றைச் செய்தால் ஐந்துக்கு ஐந்தும் தருவேன், இப்போதைக்கு மூன்று.