அத்தையின் கைக்கு ஒத்துவந்த ரிமோட்

எங்கள் வீட்டு ஹாலில் டீப்பாய் மேல் ஐந்து ரிமோட்டுகள் கிடந்தன. சோனி டிவி, டெனான் ஏவி ரிசீவர், ப்ளூரே பிளேயர், டிடிஎச் பெட்டி, ஃபயர் டிவி ஸ்டிக், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, ஒயர் இழுத்து, ஸ்பீக்கர்களைச் சுவரில் பொருத்தியவர் என் கணவர். மாதத்தில் பாதி நாள் வேலையாக வெளியூரில் இருப்பார். அப்போது வீட்டில் நானும் 74 வயது அத்தையும்தான். மாலையில் நான் காந்திபுரத்தில் பஸ் ஏறும்போதே போன் வந்துவிடும். "கண்ணு, படம் வருது, சத்தம் வர மாட்டீங்குது."

சத்தம் டிவியிலிருந்து இல்லை, ஸ்பீக்கர்களை இயக்கும் டெனான் ரிசீவர் வழியாக வருகிறது என்பதை அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவருக்கும் புரியும். ஆனால் எந்த ரிமோட்டில் எதை அழுத்தினால் அது சரியாகும் என்பதைப் போனில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாடு. ஒரு நாள் நான் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. அத்தை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு செலவு செய்து ஹாலையே தியேட்டர் போல ஆக்கிவிட்டு, வீட்டுப் பெரியவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோமே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

முதலில் எளிய வழிகளைத்தான் பார்த்தேன். கருவிகளை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் வசதி உண்டு. அதன் பொதுப்பெயர் சிஇசி. சோனி அதை பிராவியா சிங்க் என்கிறது, சாம்சங் எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது. இரண்டு கருவிகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும், தனியாக ரிமோட் வாங்கவே வேண்டாம். எங்களிடம் இருப்பதோ ஐந்து. ஒன்று விழித்ததும் இன்னொன்று டிவியைத் தானாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எது எப்போது இழுக்கும் என்று எனக்கே பிடிபடவில்லை.

அடுத்து என் போன். ரிமோட்டுகள் கட்டளை அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் அகச்சிவப்பு. அதை வீசும் எல்இடி என் போனில் இருக்கிறது, செயலியும் உண்டு. ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடிமானம் கிடையாது. அத்தை டிவியைப் பார்த்தபடியே கட்டைவிரலால் தடவித்தான் பொத்தானைக் கண்டுபிடிப்பார். அதுவும் போன் என்னோடு அலுவலகத்துக்கு வந்துவிடுமே.

பிறகு சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் பெயரில்லாத லேர்னிங் ரிமோட் ஒன்று வாங்கினேன். பழைய ரிமோட்டை அதன் முகத்துக்கு நேராக வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் அது கற்றுக்கொள்ளும். பொறுமையாக உட்கார்ந்து நாற்பது பொத்தான்களைக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பேட்டரி மாற்றினேன், கற்றதெல்லாம் அழிந்துவிட்டது. வாங்கும் முன் கடைக்காரரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: பேட்டரியைக் கழற்றினால் நினைவில் நிற்குமா?

இந்த வகை ரிமோட்டுக்கு வயது அதிகம். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-லேயே கோர் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார். அதுவும் மற்ற ரிமோட்டுகளிடம் கற்றுக்கொள்ளும் வகைதான். பின்னாளில் இந்தத் துறையில் எல்லோரும் புகழ்ந்தது லாஜிடெக்கின் ஹார்மனி. 'டிவி பார்க்க' என்று ஒரே பொத்தானை அழுத்தினால் தேவையான எல்லாக் கருவிகளையும் எழுப்பிவிடும். அதையே வாங்கத்தான் ஆசைப்பட்டேன். 2021 ஏப்ரலில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. பழையதாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு அமைப்புகளை ஏற்ற நிறுவனத்தின் சர்வர் வேண்டும். தயாரிப்பே நின்றுபோன பொருளை அந்த நம்பிக்கையில் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் என் முன் நின்றவை சோஃபாபேட்டன் என்ற ரிமோட் நிறுவனத்தின் இரண்டு மாடல்கள், யு1, எக்ஸ்1. யு1 தனி ரிமோட். 15 கருவிகள் வரை சேர்க்கலாம். எக்ஸ்1-க்கு ஹப் என்ற சிறு பெட்டியும் சேர்ந்து வரும், 60 கருவிகள் வரை தாங்கும். ரிமோட் ஹப்பிடம் சொல்ல, ஹப் அலமாரியில் இருக்கும் கருவிகளிடம் சொல்லும். உங்கள் ரிசீவர் பிளைவுட் கதவுக்குப் பின்னால் இருந்தால் யோசிக்காமல் ஹப் உள்ளதை எடுங்கள், ஏனென்றால் அகச்சிவப்பு மரத்தைத் துளைத்துப் போகாது. எங்கள் ஷோகேஸுக்குச் சாதாரணக் கண்ணாடிக் கதவுதான். அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் விலை குறைந்த யு1 எங்களுக்குப் போதுமென்று எடுத்தேன்.

யு1-ஐ எடுக்க இன்னொரு காரணம் அதில் ப்ளூடூத்தும் இருப்பது. ஃபயர் டிவி ஸ்டிக் டிவிக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. அகச்சிவப்பை வாங்கும் கண்ணே அதற்குக் கிடையாது, ப்ளூடூத் வழியாகச் சொன்னால் கேட்கும். அகச்சிவப்பு மட்டும் உள்ள ரிமோட்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஸ்டிக் நேரடியாக அசையாது. இது தெரியாமல் வாங்கிவிட்டு, ரிமோட் பழுது என்று நினைத்துவிடுவார்கள். பழுதா இல்லையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலும் திரையில் ஊதா வெளிச்சமாக மின்னும்.

யு1-இல் ஒரு சின்னத் திரையும் பக்கவாட்டில் ஒரு உருளையும் உண்டு. உருளையைத் திருப்பினால் கருவிகளின் பெயர்கள் மாறும். அமைப்பதெல்லாம் போன் செயலியில். கருவியின் மாடலைக் கொடுத்ததும் பெரும்பாலான பொத்தான்கள் தாமாகவே நிரம்பின. டிடிஎச் பெட்டியில் இரண்டு மூன்று பொத்தான்களை மட்டும் பழைய ரிமோட்டிலிருந்து கற்றுக்கொடுத்தேன். எல்லாக் கருவிகளின் பக்கத்திலும் சத்தப் பொத்தானை டெனானுக்கே கொடுத்தேன். எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சத்தம் கூட்டுகிற இடம் ஒன்றுதான். அத்தையின் போன் அழைப்புகளில் பாதி இதிலேயே நின்றுவிட்டது.

மீதிப் பாதிக்குத்தான் மேக்ரோ, அதாவது ஒரு பொத்தானில் பல கட்டளைகளைக் கோர்த்து வைப்பது. இதில்தான் நான் ஒரு வாரம் சிக்கிக்கொண்டேன். பெரும்பாலான ரிமோட்டுகளில் பவர் பொத்தான் ஒன்றுதான். அணைந்திருந்தால் எழுப்பும், எரிந்துகொண்டிருந்தால் அணைக்கும். அதை மேக்ரோவில் வைத்தேன். டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ரிசீவர் எழும், டிவி அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் இது அணையும், அது எழும். இதற்குத் தீர்வு தனித்தனிக் கட்டளைகள். எழுப்ப ஒன்று, அணைக்க ஒன்று. சோனி டிவிகளுக்கும் டெனான் ரிசீவர்களுக்கும் இப்படித் தனிக் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றுடன் வரும் ரிமோட்டில் அதற்கான பொத்தான் இருக்காது, ஆனால் கருவி புரிந்துகொள்ளும். அவற்றை வைத்து மேக்ரோவை மாற்றினேன். 'டிவி எழு' என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் டிவியை ஒன்றும் செய்யாது. எங்கள் டிடிஎச் பெட்டிக்கு ஒரே பவர் கட்டளைதான் கிடைத்தது. அதனால் அதை மேக்ரோவில் சேர்க்காமல் எப்போதும் எரிய விட்டுவிட்டேன்.

யுனிவர்சல் ரிமோட் வாங்குகிற எல்லோரும் இந்த ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். எத்தனை ஆயிரம் மாடல்களுக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருப்பது எனக்கு உதவவில்லை. என் கருவிகளுக்குத் தனி ஆன், தனி ஆஃப், ஒவ்வொரு இன்புட்டுக்கும் (எந்தக் கருவியின் படம் வர வேண்டும் என்ற தேர்வு) தனிக் கட்டளை கிடைக்கிறதா என்பதுதான் உதவியது.

அப்புறம் நேர இடைவெளி. டிவி எழ சில நொடிகள் எடுக்கும். அதற்குள் அனுப்பும் கட்டளை வீண். ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே இடைவெளி விட்டேன். அதில் இன்னொரு சிக்கல் வந்தது. அத்தை பொத்தானை அழுத்தியதும் ரிமோட்டை மடியில் கவிழ்த்துவிடுவார். ஒளி சேலைக்குள் போய்விடும், கடைசிக் கட்டளை போய்ச் சேராது. ஹப் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. யு1-ஐ வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு எண்ணும்வரை டிவியை நோக்கிப் பிடித்திருக்கச் சொன்னேன்.

"எண்ணுறது என்னத்துக்கு கண்ணு, ஆறு தடவை முருகான்னு சொல்லிக்கறேன்" என்றார். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை.

யு1-இல் எண் பொத்தான்கள் கிடையாது. சேனல் எண்ணை அழுத்திப் பழகியவர்களுக்கு இது பெரிய குறைதான். அத்தை பார்ப்பது நான்கு சேனல்கள். அவர் அதிகம் பார்க்கும் சேனலின் எண்ணை மேக்ரோவின் கடைசியில் சேர்த்துவிட்டேன். மற்ற மூன்றையும் டிடிஎச் பெட்டியின் பிடித்த பட்டியலில் போட்டுவைத்தேன். வீட்டில் பெரியவர்கள் நாள் முழுக்கச் சேனல் மாற்றுகிறவர்கள் என்றால் எண்கள் உள்ள ரிமோட்டையே தேடுங்கள்.

அவர் அழுத்த வேண்டிய பொத்தான்கள் இரண்டுதான், எழுப்ப ஒன்று, அணைக்க ஒன்று. எழுப்புவதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும், அணைப்பதன் மேல் பச்சைப் பொட்டும் ஒட்டினேன். வெல்வெட் பொட்டு என்பதால் விளக்கை அணைத்த பிறகும் விரலுக்குத் தெரிகிறது. மாதத்துக்கு ஒரு முறை உரியும். புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்வேன்.

கணவர் ஊரிலிருந்து வந்தால் இன்றும் டெனான் ரிமோட்டைத்தான் கையில் எடுப்பார். ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் மாற்றிப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. அந்த மெனுக்களுக்கு அதுவே வசதி. ப்ளூரேவில் படம் பார்த்துவிட்டு இன்புட்டை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். காலையில் அத்தை சிவப்புப் பொட்டை அழுத்திவிட்டு ஆறு முருகா சொல்கிறார். ஆறாவது முருகாவுக்குள் பக்திப் பாட்டு சத்தத்தோடு வந்துவிடுகிறது.

மற்ற நான்கு ரிமோட்டுகளையும் பேட்டரியைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். தூக்கி எறிந்துவிடாதீர்கள், என்றாவது விட்டுப்போன ஒரு பொத்தானைக் கற்றுக்கொடுக்க அவை வேண்டும். எங்களுக்கே போன மாதம் டிடிஎச் ரிமோட்டை ஒரு முறை இறக்க வேண்டியிருந்தது, வசன எழுத்தை நிறுத்தும் பொத்தானுக்காக.